இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு

வானொலி நிலையத்தில் அவளுக்கு 'ஆணி' என்று பெயர். நேரில் 'ஆணி மேடம்', முதுகுக்குப் பின்னால் வெறும் ஆணி. இசைத்தட்டு நூலகத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். இருபதாயிரம் தட்டில் எதைக் கேட்டாலும் தடவிப் பார்த்தே எடுத்துக் கொடுப்பாள். அதற்காக ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. மேலிடத்திலிருந்து சீட்டு வந்தால் ஆணியை எடுத்துத் தட்டைக் கீறுகிறவள் என்பதற்காக வைத்தார்கள். சீட்டு எழுதினவனுக்குப் பட்டப்பெயர் கிடையாது. அவனை 'சார்' என்று கூப்பிட்டார்கள்.

ஒரு பாட்டை ஒலிபரப்பக் கூடாது என்று முடிவானால் அதற்கு நாகரிகமான வழிகள் எத்தனையோ உண்டு. தட்டைப் பூட்டி வைக்கலாம். உறைமேல் சிவப்பு மையில் எழுதலாம். நிலையத்துக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. யாராவது ஞாபகமறதியாகப் போட்டுத் தொலைத்தால் அப்புறம் யார் பதில் சொல்வது? ஆகவே ஆணி. பெரிய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு நாலு பாட்டு என்றால், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மெல்லியதாக ஒரு வளையம் பளபளக்கும். வெளி ஓரத்திலிருந்து உள்ளே எண்ணிக்கொண்டு போய், சொன்ன பாட்டின்மேல் குறுக்கே ஒரு இழுப்பு. முள் அந்த இடத்துக்கு வந்ததும் துள்ளும். 'டக், டக்' என்று அதே இடத்தில் நின்று அடித்துக்கொள்ளும். உத்தரவு போட்டவன் ஓய்வு பெற்றுப் போனாலும், உத்தரவே ரத்தானாலும், அந்தப் பாட்டு திரும்பி வராது.

அவளுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. கீறப்போகிற பாட்டைக் கேட்கமாட்டாள். மேசையிலிருந்து மூன்றடியில் ரெக்கார்டு ப்ளேயர். போட்டுக் கேட்டால் நாலு நிமிடம். "கேட்டுட்டா கை வராது" என்பாள். அதைத் தன்னுடைய இளகின மனசு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அது கோழைத்தனம் என்று தெரிய அவளுக்கு அறுபது வயதாக வேண்டியிருந்தது.

அவளுடைய அக்கா பாடுவாள். பெரிய பாடகி இல்லை. ஒரு நாடகக் குழுவில் திரைக்குப் பின்னால் நின்று பாடுகிறவள். அந்தக் குழு ஒரு தட்டு போட்டது. பக்கத்துக்கு நாலாக எட்டுப் பாட்டு, மொத்தம் ஐந்நூறு பிரதி. காசில்லாத குழு, தட்டின் நடுவே ஒட்டின வட்டக் காகிதத்தில் குழுவின் பெயரும் ஒன்று, இரண்டு என்று பக்க எண்ணும் மட்டும்தான் அச்சடித்தார்கள். பாட்டுகளின் பட்டியல் அட்டை உறையின் முதுகில் இருந்தது. எட்டுப் பாட்டில் அக்காவுக்கு ஒன்றே ஒன்று. மழையில் கூரை ஒழுகுகிறது. ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் ஒருத்தி பாத்திரம் வைத்துக்கொண்டே போகிறாள். கடைசியில் வீட்டில் பாத்திரம் தீர்ந்துபோகிறது. அவ்வளவுதான் பாட்டு. அக்கா அதைப் பாடினால் கேட்கிறவர்கள் அனிச்சையாக ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார்கள்.

நிலையத்துக்கு நாலு பிரதி வந்தது. மூன்றாவது மாதம் சீட்டும் வந்தது. எவனோ புகார் எழுதியிருக்கிறான், அந்தத் தட்டில் அரசாங்கத்தைக் கிண்டல் செய்து ஒரு பாட்டு இருக்கிறதாம். சார் அட்டை உறைகளையும் நூலகத்துப் பட்டியல் அட்டையையும் தன் அறைக்கு வரவழைத்துக்கொண்டார். பிறகு சீட்டில் எழுதி அனுப்பினார்: இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு. பாட்டின் பெயர் இல்லை. அவள் மாடியேறிப் போய்க் கேட்டாள்.

"எந்தப் பாட்டு சார்?"

"அதான் எழுதியிருக்கேனே. ரெண்டு, மூணு. உனக்கு எண்ணத் தெரியாதா?"

எண்ணத் தெரியும். கீழே வந்து நாலு தட்டையும் எடுத்து, '2' என்று போட்டிருந்த பக்கத்தைத் திருப்பி, மூன்றாவது பாட்டைக் கண்டுபிடித்தாள். அது அக்காவின் பாட்டாக இருந்தால்? எட்டில் ஒன்றுதானே, இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நாலு தட்டையும் கீறினாள். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு மனசு கேட்காமல் ஒன்றைப் போட்டாள். அக்காவின் குரல் நாலு அடி பாடிவிட்டு, டக், டக், டக் என்றது.

விஷயம் காதுக்கு எட்டியதும் அக்கா நேரே நிலையத்து வாசலுக்கு வந்தாள்.

"போட்டுக் கேட்டியாடி? ஒரு தடவ கேட்டியா?"

"ஆர்டர்க்கா."

"கூரை ஒழுகுதுன்னு பாடினா என்னடி தப்பு?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்? மேல இருந்து வந்தது."

அவ்வளவுதான் பேச்சு. வீட்டுக்குப் போய் அக்கா தன்னிடமிருந்த பிரதியை முழங்காலில் வைத்து மடக்கி உடைத்தாள். தடை செய்யப்பட்ட பாடகி என்று செய்தி பரவியதும் நாடகக் குழு நாசூக்காக அவளைக் கழற்றிவிட்டது. வேறு எவனும் கூப்பிடவில்லை. அவள் ஒரு மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் சேர்ந்தாள். அடுத்த இருபத்தைந்து வருடம் அந்தக் குரல் 'டோக்கன் நம்பர் நாப்பத்தொண்ணு' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

குடும்பம் சும்மா இருக்குமா? அந்தப் பாட்டில் அப்படி என்ன இருந்தது என்று ஆராய்ச்சி செய்தது. அத்தான், அதாவது அக்காவின் கணவர், அதில் டாக்டர் பட்டமே வாங்கியிருப்பார். "கூரைன்னா என்ன? ஆட்சி. ஒழுகுதுன்னா என்ன? ஊழல். பாத்திரம்னா யாரு? நாமதான்!" அக்கா முதலில் மறுத்தாள். கூரை என்றால் கூரைதான், ஓட்டை என்றால் ஓட்டைதான் என்று கத்தினாள். சில வருடங்களில் மறுப்பதை நிறுத்திவிட்டாள். மருத்துவமனையில் புதிதாகச் சேரும் நர்ஸுகளிடம் மற்றவர்கள் அவளைக் காட்டி, 'அந்த அம்மா பாட்டுக்கு சர்க்காரே தடை போட்டுச்சு' என்பார்களாம். அக்கா ஆமாம் என்றும் சொல்லமாட்டாளாம், இல்லை என்றும் சொல்லமாட்டாளாம். தங்கையிடம் மட்டும் பேச்சே இல்லை. சாவு வீடுகளில் எதிரெதிர்ச் சுவரில் சாய்ந்து உட்காருவார்கள்.

பிறகு ஒருநாள் நிலையத்தில் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டோம் என்றார்கள். ஏற்றியது பாதிகூட இல்லை. தட்டுகளை லாரியில் அள்ளிக் கொட்டினார்கள், மண்வெட்டியால். ஆணி லாரிக்கு முன்னால் நின்று கத்தினாள். முந்நூறு தட்டை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அப்படித்தான் அவள் சேகரிக்கத் தொடங்கினாள். ஆசையால் இல்லை, ஆத்திரத்தால்.

ஆத்திரம் பழக்கமாகி, பழக்கம் பைத்தியமாகிவிட்டது. முன்னறையில் சுவர் தெரியாது. தட்டுகளை நிமிர்த்தித்தான் வைப்பாள். படுக்கப் போட்டால் பாரத்தில் வளைந்துவிடும் என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பெடுப்பாள். ஓரத்தைப் பிடிக்காமல் நடுவில் விரல் வைத்தால் கையிலேயே ஒன்று போடுவாள். பழைய தட்டில் கடிகாரம் செய்து மாட்டியிருக்கிற வீட்டில் அவள் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. "எதுக்கு ஆன்ட்டி இதெல்லாம், போன்லயே எல்லாப் பாட்டும் இருக்கே" என்று சொன்ன பக்கத்து வீட்டுக்காரிக்கு அவள் சொன்ன பதில் அந்தத் தெருவுக்கே கேட்டது. "போன்ல இருக்கற பாட்டை எவன் வேணா ராத்திரியோட ராத்திரியா எடுத்துடலாம், எடுத்ததே உனக்குத் தெரியாது. இதுல கை வச்சா தழும்பு இருக்கும். யாரு வச்சான்னு தெரியும்!" யார் வைத்தது என்பதைச் சொல்லவில்லை. அவளுடைய முந்நூறில் அவளே கீறினவை நாற்பத்தொன்று. அவற்றைத் தனியாக, அலமாரியின் கீழ் அடுக்கில் வைத்திருந்தாள்.

அவள் தேடியது ஒன்றே ஒன்றுதான். அந்த நாடகக் குழுவின் தட்டு, கீறாத பிரதி. கிடைத்தால் எடுத்துக்கொண்டு போய் அக்காவின் கையில் வைக்க வேண்டும். மன்னிப்புக் கேட்பதா வேண்டாமா என்பதைக்கூட அவள் முடிவு செய்யவில்லை. கையில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். பதினாறு வருடம் தேடினாள். போன மாதம் கைபேசி பழுதுபார்க்கும் கடைக்கு மேல்மாடியில் பழைய ரெக்கார்டு விற்கிறவர் கூப்பிட்டார். ஒரு கண் டாக்டரிடம் இருக்கிறதாம். பிரிக்காதது.

பிரிக்காதது என்றால், தொழிற்சாலையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறை அப்படியே ஒட்டியிருப்பது. கண் டாக்டரிடம் அந்த மாதிரி தொள்ளாயிரம் தட்டு உண்டு. குளிரூட்டிய அறை, கண்ணாடி அலமாரி. ஒன்றைக்கூட அவர் கேட்டதில்லை. பாட்டு கேட்க வேண்டுமென்றால் அவரும் போனில்தான் கேட்பார். ஆணி அவரைத் தொலைபேசியில் கெஞ்சினாள்.

"ஒரே ஒரு பாட்டு டாக்டர். பிரிச்சுப் போடுங்க, உங்க வீட்டுக்கே வந்து கேட்டுட்டுப் போயிடறேன்."

"மேடம், பிரிச்சா அது ரெக்கார்டு. பிரிக்காத வரைக்கும்தான் பொக்கிஷம்."

கண் தெரிவதற்கு வைத்தியம் பார்க்கிறவர் காதை எதற்கு வைத்திருக்கிறார் என்று அவளுக்கு வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். இரண்டு வாரம் பேரம். கடைசியில் பண்டமாற்று: அவளுடைய சேகரிப்பில் அவர் கைகாட்டுகிற ஏழு தட்டு, பதிலுக்கு இது. அவர் கைகாட்டின ஏழும் அவள் கண்ணாக வைத்திருந்தவை. அவளே எடுத்துக் கட்டிவைத்தாள்.

மாடிக் கடையில் பிற்பகல் மூன்று மணிக்குச் சந்தித்தார்கள். டாக்டர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு தட்டை மேசைமேல் வைத்தார். தனக்கு வரவேண்டிய ஏழையும் வெளிச்சத்தில் பிடித்துச் சரிபார்த்தார். பிறகு கடைக்காரரைச் சாட்சி வைத்துக்கொண்டு சொன்னார்.

"ஒரு வேண்டுகோள் மேடம். பிரிக்காம வச்சிருங்க. உலகத்துலயே இந்த ஒண்ணுதான் இப்படி மிச்சம் இருக்கும்."

அவள் கட்டைவிரல் நகத்தை உறையின் வாய்ப்பக்க ஓரத்தில் வைத்து, ஒரே இழுப்பாக இழுத்தாள். பிளாஸ்டிக் கிழிந்த சத்தத்துக்கு டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

பிளாஸ்டிக்கை உருவிப் போட்டுவிட்டு அட்டையைத் திருப்பினாள். முப்பத்தோரு வருடத்தில் அந்த முதுகுப்பக்கத்தை அவள் இப்போதுதான் நிதானமாகப் படிக்கிறாள். முதல் பக்கம், மூன்றாம் பாட்டு: கூரை ஒழுகுது. அக்காவின் பெயர் எதிரே இருந்தது. இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு: நாற்காலிப் பாட்டு.

"அச்சுப்பிழை" என்றாள், வாய்விட்டு.

"எது?" என்றார் கடைக்காரர்.

"அக்கா பாட்டு ரெண்டாம் பக்கம். மூணாவது. எனக்குத் தெரியாதா? இந்தக் கையாலதானே கீறினேன்."

கடைக்காரர் தட்டை வாங்கி '2' என்று போட்டிருந்த பக்கத்தை மேலே வைத்து, மூன்றாவது பாட்டின் தொடக்கத்தில் முள்ளை இறக்கினார். கொஞ்சம் கரகரப்பு. பிறகு அக்கா பாடினாள். நாலு அடி தாண்டியது, ஐந்தாவது அடி வந்தது, ஆறாவது வந்தது. பாத்திரம் தீர்ந்துபோய், கடைசியில் பாட்டில் வருகிறவள் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துத் துளிக்குக் கீழே நீட்டுகிறாள். அப்படி ஒரு முடிவு அந்தப் பாட்டுக்கு இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. கடைக்காரர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"நான் சொன்னேன்ல? ரெண்டாம் பக்கம்தான்."

கடைக்காரர் தட்டைத் திருப்பி '1' என்றிருந்த பக்கத்தைப் போட்டார். அதன் மூன்றாவது பாட்டு, நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து தானே நாற்காலியாகிப் போன ஒரு அதிகாரியைப் பற்றியது. வீட்டுக்குப் போகிறார், மனைவி அவர்மேல் உட்கார்ந்து காய் நறுக்குகிறாள்.

"லேபிளை மாத்தி ஒட்டிட்டாங்கம்மா" என்றார் கடைக்காரர். "ஒண்ணாம் பக்கத்துல ரெண்டு, ரெண்டாம் பக்கத்துல ஒண்ணு. சின்ன குழுவோட தட்டுல இது நடக்கறதுதான். அட்டைதான் சரி. அட்டையைப் பாத்து எவனாவது ரெண்டாம் பக்கம் மூணாவதுன்னு சொல்லியிருந்தா, அவன் சொன்னது நாற்காலிப் பாட்டை."

அவள் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். சார் அட்டையைப் பார்த்து எண்ணை எழுதினார், தட்டைப் போடவில்லை. அவள் எண்ணைப் பார்த்துக் கீறினாள், தட்டைப் போடவில்லை. தடை நாற்காலிப் பாட்டுக்கு. அந்த நாற்காலிப் பாட்டு, முதல் பக்கத்து மூன்றாவது என்ற பெயரில், மத்தியான நகைச்சுவை நேரத்தில் வாரம் தவறாமல் ஒலிபரப்பானது. நிலையத்து ஆண்டு விழாவில்கூடப் போட்டார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சார் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார், அவளே பார்த்திருக்கிறாள். யாருடைய தலையும் உருளவில்லை. எந்த ஆட்சியும் கவிழவில்லை.

"ஒரு நிமிஷம்!" டாக்டர் திடீரென்று உயிர் வந்தவராக எழுந்தார். "மாறின லேபிளா? அப்ப இது சாதாரணப் பிரதியே இல்ல! தப்பா அச்சான தட்டுக்குத்தான் மதிப்பே. மேடம், நாம திரும்பப் பேசலாம், உங்க ஏழையும் நீங்களே..."

"வாயை மூடுங்க."

"இல்ல மேடம், நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"வாயை மூடுய்யா! தொள்ளாயிரம் பேரை மூச்சு விடாம கட்டிப் போட்டு வச்சிருக்கியே, உனக்கு வெக்கமா இல்ல? எவளோ ஒருத்தி தொண்டை கிழியப் பாடி வச்சிருக்கா. கேளுய்யா! கேட்டுட்டுப் பிடிக்கலேன்னா தூக்கிப் போடு. கேக்காம ஒருத்தன் எழுதினான், கேக்காம ஒருத்தி கீறினா, கேக்காம நீ பூட்டி வச்சிருக்க!"

கடைக்கு வெளியே படிக்கட்டில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் கையுறையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, ஏழு தட்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். கத்தினது அவரை அல்ல என்பது கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு தம்ளர் தண்ணீரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு விலகிக்கொண்டார்.

அவள் தண்ணீரைத் தொடவில்லை. போனை எடுத்தாள். அக்காவின் எண் அக்கா மகள் கொடுத்தது, ஐந்து வருடமாக இருக்கிறது, ஒருமுறைகூட அழுத்தியதில்லை.

"யாரு?"

"நான்தான்க்கா."

அக்கா கேட்டாள்: "யாரு செத்தது?"

"யாரும் சாகலக்கா. உன் தட்டு கிடைச்சிருச்சு. கீறாதது. இப்பத்தான் முழுசா கேட்டேன்."

இவள் மூச்சு விடாமல் கொட்டினாள். லேபிள் மாறியது, சார் அட்டையைப் பார்த்து எழுதியது, நாற்காலிப் பாட்டு, ஆண்டு விழா, எல்லாம். "உன் பாட்டுக்குத் தடையே இல்லக்கா. உன் பாட்டு மேல எவனும் குத்தம் சொல்லல. உன்னை யாரும் தடை பண்ணவே இல்ல. நான்தான். போட்டுக் கேக்காம நான் கீறினதுதான். இதை எழுதிக் குடுன்னு சொல்லு, நிலையத்து வாசல்ல நின்னு எழுதிக் குடுக்கறேன்." சொல்லச் சொல்ல முப்பத்தோரு வருடத்துப் பாறாங்கல் நெஞ்சிலிருந்து இறங்குகிற மாதிரி இருந்தது அவளுக்கு. அக்கா அழுவாள், திட்டுவாள், எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள்.

"அப்ப என் பாட்டை யாருமே கேக்கல" என்றாள் அக்கா.

"அக்கா..."

"அதைக் கேட்டு ஒருத்தனும் பயப்படல."

"அக்கா, நான் என்ன சொல்றேன்னா..."

"நீ சொல்றது புரியுது. நான் செவிடு இல்ல." டோக்கன் எண் கூப்பிடுகிற அதே குரல், ஒரு பிசிறு இல்லாமல். "இருபத்தஞ்சு வருஷமா அந்த மேசையில உக்காந்து கத்திட்டு இருந்தேனே, எதை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்னு நெனச்ச? நான் நாலு நிமிஷம் பாடினேன், ஒரு சர்க்காரே நடுங்கிப் போச்சுன்னு. எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்டி. அதையும் வந்து பிடுங்கிட்டியே."

போன் துண்டிக்கப்பட்டது. அவள் திரும்ப அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.